மீன்களுக்குப் பால் காய்ச்சிய மதினி

அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வளவுக்குள் வயிறு நிறைந்த மனிதர்கள் யாரும் நுழையக் கூடாது. நுழைந்தால் திரும்பிப் போவது கஷ்டம். வாசலை ஒட்டிய முதல் வீட்டில் மதினி இருந்தார்.

வளவு என்றால் நடுவில் ஒரு முற்றம், முற்றத்து ஓரத்தில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை, சுற்றிலும் ஐந்தாறு சின்ன வீடுகள், எல்லோருக்கும் சேர்த்துத் தெருவுக்கு ஒரே வாசல். வீடுகள் மதினியின் கணவருடையவை. அவர் பஜாரில் வத்தல், மல்லி மண்டி வைத்திருந்தார். மதினிக்கு என்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. தபால்காரர் மதினி என்றார், கீரை விற்க வருகிறவர் மதினி என்றார். சொந்த மாமனாரே ஒருநாள் வாய் தவறி, “மதினி, காப்பி” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை என்று வளவில் ஒரு பேச்சு உண்டு.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் எனக்கு இந்த ஊருக்கு மாற்றல். விருதுநகரிலிருந்து சாமான் ஏற்றி வந்த வேன் காலையில் வாசலில் நின்றது. லோடு இறக்க வந்தவர்கள் கயிற்றை அவிழ்ப்பதற்குள் மதினி வெளியே வந்துவிட்டார்.

“மொதல்ல கைய நனைங்க. பீரோ எங்கயும் ஓடிறாது.”

“இல்லம்மா, எறக்கிட்டு வாரோம்.”

“அதெல்லாம் கெடையாது. ஒரு வாய். அப்புறந்தான் பேச்சு.”

அந்த ஒரு வாய் இட்லியில் தொடங்கி, பணியாரத்தில் ஏறி, பத்து மணிக்கே சோறு, குழம்பு, அப்பளம் என்று போய் முடிந்தது. சாப்பிட்டவர்கள் முருங்கை நிழலில் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. என் கல்யாணச் சீர் பீரோ சாயங்காலம் வரை நடுத்தெருவில் நின்றது. ஒரு வெள்ளாட்டுக் கிடா அதன் கண்ணாடியில் தன்னையே பார்த்து முட்டிக்கொண்டிருந்தது. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். “புதுப் பொண்ணு நிக்கப்படாது” என்று மதினி என் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தார். நானும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

இன்னொரு கதை சொல்கிறேன், கேளுங்கள். மல்லாங்கிணறிலிருந்து ஒரு குடும்பம் தாம்பாளத் தட்டும் பூவும் பழமுமாக வந்து இறங்கியது. அடுத்த தெருவில் ஒரு பெண் பெரியவளான சடங்கு வீடு. அவர்கள் தெரு மாறி வந்துவிட்டார்கள். மதினி “வாங்க வாங்க” என்று கூப்பிட்டு இலை போட்டுவிட்டார். அவர் வீட்டுச் சோறு பத்தாமல் பின்பக்கமாக எங்கள் வீட்டுச் சோறும் குழம்பும் போயின. அவர்கள் மோர் வரைக்கும் வந்த பிறகு, பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “புள்ளையக் கண்ணுலயே காட்டலையேம்மா?”

“எந்தப் புள்ளய?” என்றேன் நான்.

அவர்கள் தெரு மாறி வந்தது மதினிக்கு முதலிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சாப்புடுறவுகள நடு இலையில எழுப்பி, ‘இது நீங்க வந்த வீடு இல்ல’ன்னு சொல்லுவாகளா? நல்லா இருக்கே நாயம்!” என்றார். பிறகு அவரே அவர்களைச் சடங்கு வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே பந்தி தயாராக இருந்தது. பாவம், அந்தப் பெரியவர் இலையைப் பார்த்த பார்வையை மதினி எங்களுக்கு நடித்துக் காட்டினார். வளவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஆனால் மதினியின் உபசாரத்தில் உச்சம் சோறு இல்லை. தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க அதுதான். சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நார் ஆகிவிடும். நல்ல தண்ணீர் நகராட்சிக் குழாயில், அதற்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வரும். சில சமயம் வாரக்கணக்கில் வராது. வந்தால் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். குப்பென்று அந்த வாசம் அடித்தால்தான் எங்களுக்கு அது நல்ல தண்ணீர் என்று நம்பிக்கை. அப்படிப்பட்ட தண்ணீரை வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது எல்லோரும் செய்வது. மதினி முகம் கழுவக் கொடுப்பார். அதைப் பார்க்கிற எங்களுக்கு நெஞ்சு பதறும்.

இப்பேர்ப்பட்ட மதினிக்கு மசியாத ஆள் ஊரிலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் வளவில்தான் இருந்தார்.

மூன்றாவது வீட்டுக் கணக்கு டீச்சர். திருச்சுழிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வளவில் எல்லோரும் மதினி என்றால் அவர் மட்டும் “வீட்டம்மா” என்பார். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக்கும் முறுக்கும் அதிரசமும் கொடுப்பார். ஆனால் மதினி எதை நீட்டினாலும், “நான் சாப்பிட்டேங்க.” மதினி வீட்டுக் காதுகுத்து விருந்தில், தப்பிக்க வழியில்லாமல் இலையில் உட்கார்ந்தார். முதல் கரண்டி விழுந்ததும் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறைத்துவிட்டார். மதினி கரண்டியோடு சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் கை அசையவே இல்லை. அன்றைக்கு ஊரே சாப்பிட்டுப் பாராட்டிவிட்டுப் போன பிறகும் மதினி முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். “அந்தக் கைய எப்படியாச்சும் எடுக்க வைக்கணும்டி” என்றார் என்னிடம்.

நான் டீச்சரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். ஏன் டீச்சர், ஒரு வாய் சாப்பிட்டால் என்ன என்று. அவர் “வாங்கிச் சாப்பிட்டுப் பழகிட்டா அப்புறம் தனியா உக்காந்து சாப்பிட முடியாதும்மா” என்றார்.  மதினியிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுப்போடு போய் டீச்சர் வீட்டில் குடியேறியிருப்பார்.

டீச்சருக்குத் துணை ஒரு சின்ன மீன் தொட்டி. மேசை மேல் இருக்கும், ஒரு மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே கறுப்பு மீன்கள், மோலி என்று பெயர். அதில் குண்டாக ஒன்று. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அது கண்ணாடி ஓரத்துக்கு வந்து நிற்கும். அவர் அதனிடம் பேசுவதை நான் ஜன்னல் வழியே கேட்டிருக்கிறேன். எங்களிடம் பேசுவதைவிட அதிகம் பேசுவார்.

அந்த டீச்சருக்கு வயிற்றில் ஆப்பரேஷன் என்று வந்தது. மதுரைக்குப் போய்ப் படுக்க வேண்டும், தங்கை வந்து கூட இருப்பார். கிளம்புகிற அன்றைக்கு டீச்சர் மதினியின் வாசலில் வந்து நின்றார்.

“வீட்டம்மா, எனக்கு ஒரு உதவி செய்யணும். மீன்களப் பாத்துக்கணும்.”

மதினி தலையைத் தலையை ஆட்டினார். 

“காலையில ஒரு சிட்டிகை தீனி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தப் பெரிய மீனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா...” என்று ஆரம்பித்த டீச்சர் முடிக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

ஆட்டோ தெரு முனை திரும்பியதும் மதினி என் கையைப் பிடித்துக் குதித்தார். ஆமாம், குதித்தார். “ஏட்டி, எங்கிட்ட கேட்டுட்டாக! அவுகளா வந்து எங்கிட்ட கேட்டுட்டாக!”

தீனி டப்பாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். “ஒரு சிட்டிகைன்னு சொன்னாக. யாரு வெரலால சிட்டிகைன்னு சொல்லலையே” என்று தினமும் வந்து சண்டை போடுவார். அதைச் சமாளித்தேன். அந்தக் குண்டு மீன் குட்டி போடும் என்று எனக்கு யார் சொன்னது?

மோலி முட்டை போடாது, குட்டிதான் போடும். ஒருநாள் காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கக் கடுகுக்கு வால் முளைத்த மாதிரி குட்டிகள். மதினி போட்ட கூச்சலில் வளவே கூடிவிட்டது. “ஆத்தாடி! டீச்சர் வீட்டுல பிரசவம்! வீட்டுல பெரிய மனுசி இல்லாத நேரத்துல!” சுக்கும் மிளகும் இடிக்கப் போனவரை நான் இழுத்துப் பிடித்தேன். மறுநாள் அடுத்த கூச்சல். பெரிய மீன்கள் குட்டிகளை விரட்டி விரட்டித் தின்றன.

“எடம் பத்தலடி. நெருக்கடியில போட்டு அடைச்சா மனுசனுக்கே புத்தி பெரண்டுரும். திருவிழாக் கூட்டத்துப் பஸ்ஸுல நீ போனதில்லையா?” என்றார் மதினி. அன்றைக்கே பஜாரில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், பெரிதாக ஒரு தொட்டி சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். “அவுக அப்படித்தான் சொல்லுவாக. சாப்பாடும் வேணாம்னுதான் சொல்லுவாக” என்று என் வாயை அடைத்தார்.

தொட்டி வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு தட்டுப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: “பழைய தொட்டித் தண்ணி பாதியாச்சும் இதுல ஊத்திருங்கம்மா. மீனப் பையில போட்டு மெதக்க விட்டு, புதுத் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து பழக்குங்க. திடுக்குன்னு விடாதீக.”

அவர் போனதும் மதினி முகத்தைச் சுளித்தார். “புது வீட்டுக்குப் போறப்ப எவளாச்சும் பழைய தண்ணியத் தூக்கிட்டுப் போவாளா?”

டீச்சர் திரும்பி வருகிற நாளுக்கே மீன்களுக்குக் குடிபுகுதல் வைத்தார். நல்ல நேரம் பார்த்தார். முற்றத்து நிழலில் மேசை போட்டுத் தொட்டியை ஏற்றி, மேசைக்கு முன்னால் கோலம் போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தார். அடுப்புக் கூட்டிப் பால் காய்ச்சினார். பால் பொங்கியதும் எங்களுக்கெல்லாம் டம்ளரில் வந்தது. தொட்டியில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று யாரோ சொன்னதை மட்டும் கத்தித் தடுத்தேன்.

அன்றைக்கென்று விடியற்காலையில் குழாயில் நல்ல தண்ணீர் வந்திருந்தது. பல நாள் கழித்து வந்த தண்ணீர், பவுடர் வாசம் தூக்கியடித்தது. மதினி வீடு வீடாக வந்தார். “டீச்சர் புள்ளைகளுக்கு உப்புத் தண்ணியா ஊத்துறது? பிடிச்ச கொடத்தப் பூராக் குடுங்க.” அவர் கையால் சாப்பிடாத வீடு வளவில் ஏது? கொடுத்தோம். தண்டல் மாதிரி எல்லோருடைய குடமும் தொட்டிக்குள் கவிழ்ந்தது. தொட்டி பளபளவென்று நின்றது. பழைய தொட்டித் தண்ணீர் முருங்கைக்குப் போனது.

டீ வடிகட்டியில் மீன்களைப் பிடித்தார் மதினி. “வலது கால எடுத்து வச்சு வாங்கடா கண்ணுகளா.”

“மதினி, மீனுக்கு ஏது காலு?” என்றேன்.

“அப்ப வலது செட்டைய எடுத்து வச்சு வரட்டும். ஒனக்கு எல்லாத்துலயும் கேள்வி.”

குலவை போட்டோம். மீன்கள் உள்ளே விழுந்ததும் விர்ரென்று இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடின. “சந்தோசத்துல ஆடுதுக பாரு!” என்று மதினி கைதட்டினார். நாங்களும் கைதட்டினோம். எங்களைப் போல முட்டாள்கள் இந்தச் சீமையில் உண்டா?

அந்த நேரத்தில் மதினியின் கணவர் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் பேசி நாங்கள் கேட்டது அபூர்வம். வீட்டில் பேசுவதற்கு மதினி இருந்தார், அவருக்கு மூக்கு இருந்தது. மல்லியை மோந்து பார்த்தே எந்த ஊர்க் காட்டுச் சரக்கு என்று சொல்கிற மூக்கு. வாசலில் காலை வைத்தவர் நின்றார். இரண்டு தடவை உறிஞ்சினார்.

“என்ன, இம்புட்டுப் பவுடர் வாசம்?”

தொட்டிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “டீச்சர் தெனமும் கெணத்துத் தண்ணிதான எறைச்சுக்கிட்டுப் போவாக மீனுக்கு. அதுல வளந்த மீனு. நல்ல தண்ணியவா ஊத்துன? கொன்னுப்புட்டயே.”

அப்போதுதான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம். ஆட்டம் நின்றுபோயிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. குண்டு மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் படபடத்தது.

மதினி கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “என்னைய நம்பி விட்டுட்டுப் போனாகளே. ஒரே ஒரு தடவ எங்கிட்ட கேட்டாகளே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.  டீச்சர் மதுரையில் பஸ் ஏறியிருப்பார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். ஜன்னல் வழியே நான் கேட்ட அந்தப் பேச்சுக் குரல் காதுக்குள்ளேயே இருந்தது.

“மதினி, அழுக அப்புறம் அழுவோம். கெணத்துல வாளியப் போடுங்க!” என்று கத்தினேன்.

அவ்வளவுதான். மதினி எழுந்த வேகத்தில் அடுப்பிலிருந்த பால் சட்டி உருண்டது. மீன்களை ஒரு சருவச் சட்டியில் அள்ளினோம். கிணற்று வாளி வந்ததும் அதை அப்படியே கவிழ்க்கப் போனவரின் கையைப் பிடித்தேன். “கொஞ்சங் கொஞ்சமா. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னாரே!” மதினி டம்ளரை எடுத்தார். சட்டியிலிருந்து ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை வெளியே எடுப்பது, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை ஓரமாக விடுவது. அள்ளிக் கொட்டியே பழகிய அந்தக் கை டம்ளர் டம்ளராக ஊற்றியது. “குடி ராசா, குடி. ஓன் தண்ணிதான். ஓன் வீட்டுத் தண்ணிதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ராசா இல்லை, ராணி என்று சொல்ல அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மற்றவர்கள் பெரிய தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அங்கே ஒரு கூத்து. நல்ல தண்ணீரைக் கீழே ஊற்ற ஒருத்திக்கும் கை வரவில்லை. குடத்தில் மொண்டுகொண்டு சாக்கடை வரை போவார்கள், நின்று யோசிப்பார்கள், திரும்பி வருவார்கள். “துணி அலசலாம்ல மதினி?” என்றாள் ஒருத்தி. “நான் அண்டாவுல வச்சுக்கிடுறேன், பெறகு பாக்கலாம்” என்றாள் இன்னொருத்தி. “ஊத்துங்கடி கீழ!” என்று மதினி போட்ட சத்தம் பந்தல்குடி ரோடு வரை கேட்டிருக்கும். நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றச் சொல்லி அந்த ஊரில் ஒரு பெண் கத்தியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெரிய தொட்டியை உப்புத் தண்ணீரில் அலசி, உப்புத் தண்ணீரால் நிரப்பினோம். சருவச் சட்டியை அதில் மிதக்கவிட்டு மதினி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.  மெல்லச் சரித்தார். சின்ன மீன்கள் வெளியேறின. குண்டு மீன் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு வால் ஒரு தடவை அசைந்தது. உடம்பு நிமிர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடி ஓரத்துக்கு வந்து எங்களைப் பார்த்து நின்றது.

நாங்கள் போட்ட குலவையில் தெருவில் போன சைக்கிள்காரர் விழுந்துவிட்டார். நிஜமாகவே விழுந்துவிட்டார். மதினி அவரை உள்ளே கூப்பிட்டு இட்லி கொடுத்தார்.

குட்டிகளில் சில போய்விட்டன. அவற்றை மதினி முருங்கைக்கு அடியில் புதைத்துவிட்டு வருவதற்கும் டீச்சரின் ஆட்டோ வருவதற்கும் சரியாக இருந்தது. டீச்சர் இளைத்துப்போய், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். முழங்கால் வரை சேலை நனைந்து நின்ற மதினி, வாங்க என்றுகூடச் சொல்லாமல், பிரசவம் முதல் பவுடர் வாசம் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். “சின்னதுக கொஞ்சம் போயிருச்சு டீச்சர். பெருசு இருக்கு. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.”

டீச்சர் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். குங்குமப் பொட்டைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். குண்டு மீன் கண்ணாடி ஓரத்துக்கு ஓடி வந்தது.

“பால் காய்ச்சினீங்களா?” என்றார்.

“காச்சுனேன்” என்றார் மதினி குற்றவாளி மாதிரி.

டீச்சரின் உதடு துடித்தது. அழப்போகிறாரா என்று பயந்தேன். அதற்குள் மதினி, “அய்யோ, வந்தவுகளுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கல!” என்று உள்ளே ஓடினார். போனவர் வெறும் செம்போடு வந்து நின்றார். அவர் வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. எங்கள் யார் வீட்டிலும் இல்லை. எல்லாம் தொட்டிக்குப் போய், தொட்டியிலிருந்து சாக்கடைக்குப் போயிருந்தது. வாசலுக்கு வந்த ஆளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் மதினி நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேறெதற்கும் அவர் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

டீச்சர் பையைத் திறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மதினியின் செம்பை வாங்கி அதில் ஊற்றினார். நீட்டினார்.

“வேணாம் டீச்சர், நீங்க ஆப்பரேசன் பண்ணுன ஒடம்பு, நான் பெறகு...”

“அதெல்லாம் கெடையாது, மதினி” என்றார் டீச்சர். “ஒரு வாய். அப்புறந்தான் பேச்சு.”

மதினி சுற்றுமுற்றும் பார்த்தார், யாரை உபசரிக்கிறார்கள் என்று தெரியாதவர் போல. வாங்கிக் குடித்தார். கண்ணீர் செம்புக்குள்ளேயே விழுந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, “மதுரத் தண்ணி சப்புன்னு இருக்கு டீச்சர்” என்றார்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுரும்” என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம்.

அன்றைக்கு உப்புத் தண்ணீரில்தான் சோறு பொங்கியது. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டதாக மதினி பாதியில் அலறினார், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முற்றத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள். டீச்சர் நடுவில் உட்கார்ந்தார். முதல் கரண்டிச் சோறு விழுந்தது. மதினி இரண்டாவது கரண்டியோடு குனிந்தார். வளவே டீச்சரின் கையைப் பார்த்தது.

கை மடியிலேயே இருந்தது.